மஞ்சள் துணி மூட்டையும் மூன்று வாக்கும்

தீர்ப்புச் சொல்வதில் நீங்கள் அவசரக்காரரா? அப்படியானால் கொஞ்சம் வாயை அடக்கிக்கொண்டு இதைக் கேளுங்கள்.

ஆறு கடலில் விழும் இடத்தில் ஓர் ஊர், அதில் சங்குத் தெரு. தெருவிலேயே மாடி உள்ள வீடு மீன் வியாபாரி கமாலுதீனுடையது மட்டும்தான். புயல் எச்சரிக்கை வந்தால், முகாமுக்குக் கிளம்பும் முன் எல்லோரும் வீட்டுப் பத்திரம், சான்றிதழ், பழைய போட்டோ என்று மூட்டை கட்டி அவர் மாடி அறையில் வைத்துவிட்டுப் போவார்கள். அவர் மனைவி சுலைகாதான் காவல். முடிச்சுப் போட்ட கைதான் முடிச்சை அவிழ்க்க வேண்டும் என்பது தெருவின் கட்டுப்பாடு. முன்பு ஒருமுறை யாரோ யாருடைய மூட்டையையோ பிரித்துப் பார்க்கப் போய், இரண்டு குடும்பங்கள் இன்றுவரை முகம் பார்ப்பதில்லை.

அந்தக் கார்த்திகையிலும் மூட்டைகள் வந்தன. எல்லாம் பிளாஸ்டிக் உறையில் இருந்தன. சிவகாமி கொண்டு வந்தது மட்டும் மஞ்சள் துணியில் இருந்தது. அவள் தையல் டீச்சராக இருந்தவள், கணவன் போனபின் தனியாக இருக்கிறவள், முட்டைகூடத் தொடாதவள். பிளாஸ்டிக்கில் வைத்தால் போட்டோவில் இருக்கும் அவருக்கு மூச்சு முட்டுமாம்! சிரிக்காதீர்கள், நம் வீட்டிலும் இப்படி ஏதாவது ஒன்று இருக்கும்.

“வீட்டுப் பத்திரம் இருக்கு. எங்க கல்யாண போட்டோ இருக்கு, அது ஒண்ணுதான் மிச்சம். இன்னொண்ணும் இருக்கு சுலைகா, அதைக் கேக்காதே,” என்றாள் சிவகாமி. “யாரும் அவுக்கக் கூடாது. கவுச்சி பக்கத்துல அண்டக் கூடாது. உள்ள இருக்கிறது கெடாம என் கைக்கு வரணும்.”

“அப்படியே செய்றேன்க்கா. நம்பிப் போங்க,” என்றாள் சுலைகா.

ஆக, வாக்கு மூன்று. எண்ணி வைத்துக்கொள்ளுங்கள்.

புயலில் எங்கிருந்தோ பறந்து வந்த தகரம் மாடி ஜன்னலைப் பெயர்த்துவிட்டது. மழை அறைக்குள்ளேயே கொட்டியது. பிளாஸ்டிக் மூட்டைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மஞ்சள் மூட்டை மட்டும் தொப்பலாக நனைந்து கனத்தது. சிவகாமி இருந்த முகாமோ அக்கரையில். பாலம் தண்ணீருக்குள் கிடந்தது, போனும் செத்துவிட்டது.

“கை வைக்காதே,” என்றார் கமாலுதீன். “நனைஞ்சது அல்லா செயல். அவுத்தா அது நம்ம செயல்.”

அவர் தங்கை ரஜியா விடாமல் அண்ணியிடம் சொன்னாள். “அண்ணன் பேச்சைக் கேட்டா உள்ள எல்லாம் கூழாயிடும் மச்சி. அவுத்துக் காய வைப்போம். காஞ்சதும் அதே மாதிரி முடிச்சுப் போட்டுட்டா யாருக்குத் தெரியும்?”

பத்திரத்துக்கு நகல் வாங்கலாமே என்பீர்கள். சரி, கல்யாண போட்டோவுக்கு எந்த ஆபீசில் நகல் கேட்பது?

சுலைகாவோ கீழே தண்ணீர் புகும் என்று மாடியின் மறுகோடிக்கு ஏற்றி வைத்திருந்த மீன் பெட்டிகளைப் பார்த்தாள். ஐஸில் இருக்கும்வரை மீன் வலையில் வந்த கோலத்திலேயே இருக்கிறதே, காகிதம் இருக்காதா? ஒரு பெட்டியில் இருந்த மீனை வெளியே எடுத்தாள். மூட்டையை முடிச்சோடு பிளாஸ்டிக் உறைகளில் சுற்றி ஐஸுக்குள் புதைத்து, மூட்டை உறையும் அளவுக்குக் குளிர் ஏறுவதற்காகக் கல்லுப்பு தூவினாள். ஐஸ் குறையக் குறைய மற்றப் பெட்டிகளிலிருந்து அள்ளிப் போட்டாள். அந்தப் பெட்டிகளில் இருந்த மீன் கெட்டது. கமாலுதீனுக்கு வயிறு எரிந்தது, ஆனாலும் அவர் தடுக்கவில்லை.

தண்ணீர் வடிந்ததும் சிவகாமி வந்தாள். கல்லாய் இறுகிக் கிடந்த மூட்டையை நீட்டுமுன் சுலைகா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். “முடிச்சு நீங்க போட்டதுதான்க்கா. ஆனா மீன் பெட்டியில வெச்சிருந்தேன்.”

வாங்க நீண்ட கை பின்னால் போயிற்று. “கவுச்சி படக் கூடாதுன்னு அத்தனை சொன்னேனே,” என்ற சிவகாமிக்குக் கண் நிறைந்துவிட்டது.

இப்போது நீங்கள் வாயைத் திறக்கலாம். தொடாதே என்ற கமாலுதீன், அவிழ்த்துக் காய வை என்ற ரஜியா, மீன் பெட்டியில் வைத்த சுலைகா: இவர்களில் யார் செய்ய நினைத்தது சரி?

விடை: கமாலுதீன் முடிச்சைக் காப்பாற்றியிருப்பார், உள்ளே இருந்ததைக் கைவிட்டிருப்பார். ரஜியா காகிதத்தைக் காப்பாற்றியிருப்பாள், ஆனால் பார்த்த கண்ணைப் பார்க்காததாக ஆக்க யாராலும் முடியாது, திரும்பப் போட்ட முடிச்சும் பொய் முடிச்சு. சுலைகாவும் ஒரு வாக்கை உடைத்தாள், அதை மறைக்க வேண்டாம். ஆனால் சரிசெய்யக்கூடிய வாக்கு எது என்று பார்த்து, அதை மட்டும் உடைத்தாள். உடைத்ததை உரியவளின் முகத்துக்கு நேரே சொன்னாள். என் ஓட்டு அவளுக்குத்தான். சிவகாமி மூட்டையை வாங்கிப்போய் ஐஸ் உருகவிட்டு, தானே அவிழ்த்து, ஒவ்வொன்றாகப் பிரித்துக் காற்றில் உலர்த்தினாள். போட்டோவின் மூலையில் கொஞ்சம் கறை, முகங்கள் இரண்டும் பத்திரம். வாடை போகும்வரை சாம்பிராணி போட்டாள். அந்த ‘இன்னொன்று’ என்ன என்று என்னைக் கேட்காதீர்கள், சுலைகாவே கேட்கவில்லை. அடுத்த புயலுக்கு மாடிப்படி ஏறிய முதல் ஆள் சிவகாமிதான். அதே மஞ்சள் துணி, அதன்மேல் புதிதாக ஒரு பிளாஸ்டிக் உறை. சுலைகா அதையே பார்ப்பதைக் கண்டு, “கொஞ்சம் மூச்சு முட்டினா முட்டட்டும், என்னோட இருந்தா போதும்,” என்றாள்.