தங்காயி நடந்து பார்த்த மனை

நடுக்காட்டில் ஒரு பாறை இடுக்கில் ஒரு முள்ளம்பன்றிக் குடும்பம் குடியிருந்தது. கணவன் மாரப்பன். மனைவி தங்காயி. அவர்களுக்கு இரண்டு குட்டிகள். மூத்தவன் பொன்னான், இளையவள் சிட்டு.

பாறை இடுக்கு அவர்களுக்குச் சொந்தமில்லை. அது ஓர் உடும்புடையது. வாரம் ஒரு தரம் உடும்பு வந்து தலையை நீட்டிப் பார்க்கும்.

"சுவத்துல புதுசா ஒரு கீறல் தெரியுதே! யாரு கீறுனது?"

தங்காயி கூச்ச சுபாவம். வாய் வரை வந்த பதிலை விழுங்கிவிட்டுக் குட்டிகளை இழுத்துப் பின்னால் மறைத்துக்கொள்வாள்.

குட்டிகள் பிறந்தபோது அந்த இடம் தாராளமாகத்தான் இருந்தது. குட்டிகளுக்கு முள் வளர வளர இடம் சுருங்கிப்போனது. ஒருவர் புரண்டு படுத்தால் மற்ற மூன்று பேரும் "ஐயோ!" என்று கத்தினார்கள்.

"இனி தாங்காது புள்ள," என்றான் மாரப்பன். "காட்டு ஓரத்துல மனை பிரிச்சுக் குடுக்கறாங்களாம். கீரி, முயலு எல்லாம் அங்கதான் போகுது. நாமளும் சொந்தமா ஒரு வளை தோண்டிக்கலாம்."

"கிழங்கு?" என்று மெதுவாகக் கேட்டாள் தங்காயி.

"இருக்கறதைக் குடுத்துரலாம்."

பாறைக்குப் பின்னால் மூன்று வருஷமாகச் சேர்த்த வள்ளிக்கிழங்கு குவிந்து கிடந்தது. வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டிச் சேர்த்தது. அது போனால் போனதுதான். இன்னொரு குவியல் சேர்ப்பதற்குள் குட்டிகள் வளர்ந்து அவரவர் வழியில் போய்விடும். அதனால் எடுக்கும் மனை ஒன்றே ஒன்று. அது சரியாக அமைய வேண்டும்.

மனைத் தரகர் ஓர் ஓணான். எதைக் கேட்டாலும் தலையை ஆட்டுவார்.

"பக்கத்துல கிழங்கு கிடைக்குங்களா?" என்று கேட்டான் மாரப்பன். ஓணான் தலையை ஆட்டினார்.

"மண்ணு நல்லா இருக்குங்களா?" அதற்கும் ஆட்டினார்.

"பாம்புத் தொல்லை?" அதற்கும் ஆட்டினார்!

"என்னங்க, பாம்பு இருக்குதுங்களா?"

"அட, இல்லைன்னுதான் ஆட்டுனேன்!" என்றார் ஓணான். "ஆனி முடியப்போகுது. ஆடி பொறந்துட்டா யாரும் அச்சாரம் வாங்க மாட்டாங்க. ஆடி போயி ஆவணி வர்றதுக்குள்ள வேற ஆள் கொத்திட்டுப் போயிரும். இன்னைக்கே வந்து பாருங்க. குட்டிகளையும் கூட்டிட்டு வாங்க!"

அன்று சாயங்காலமே நால்வரும் கிளம்பினார்கள்.

காடு முடியும் இடத்தில் பரந்த வெட்டவெளி. சுற்றிலும் கரை போல் ஒரு மேடு வளைந்து ஓடியது. நடுவில் குச்சி நட்டு மனை பிரித்திருந்தார்கள். தரையெல்லாம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அங்கங்கே கோரைப்புல் காய்ந்து நின்றது.

ஓணான் ஒரு வேலிக் குச்சியின் உச்சிக்கு ஏறிக்கொண்டார். அடுத்த மனையில் ஒரு கீரியம்மா வளை தோண்டிக்கொண்டிருந்தாள். அவள் கைக்கு எட்டாத உயரத்தில்தான் அவர் எப்போதும் வியாபாரம் பேசுவார்.

"வாங்கக்கா, வாங்க!" என்று கீரியம்மா கூப்பிட்டாள். அவள் முகமெல்லாம் மண். "நாங்க போன வாரமே வாங்கிட்டோம். ரெண்டே நாள்ல பாதி வளை தோண்டியாச்சு. மண்ணு அல்வா மாதிரி இருக்குது!"

பொன்னானும் சிட்டுவும் அதற்குள் மண்ணில் விழுந்து உருண்டார்கள். இங்கே எப்படிப் புரண்டாலும் யார் முள்ளும் யாரையும் குத்தவில்லை.

தங்காயி குனிந்து ஒரு கட்டி மண்ணை எடுத்து முகர்ந்து பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

அது அவள் அம்மா வீட்டு வாசனை!

அவள் பிறந்தது ஓர் ஓடைப் பள்ளத்தில். இதே மண். இதே கோரைப்புல். மழைக்காலம் வந்தால் வளைக்குள் தண்ணீர் வந்துவிடும். உடனே அம்மா குட்டிகளை ஒவ்வொன்றாகக் கழுத்தில் கவ்வித் தூக்கிக்கொண்டு போய் மேட்டில் ஓர் இலுப்பை மரத்தடியில் விடுவாள். நாலு பேரும் ஒட்டி உட்காருவார்கள். அம்மா வயிற்றோரம் யாருக்கு என்று ஒரு சண்டை நடக்கும். அப்பா நனைந்த கோரைக்கிழங்கைக் கொண்டுவந்து போடுவார். சேற்று வாசனையோடு அது அத்தனை ருசியாக இருக்கும். இடி இடித்தால் நாலு பேரும் சேர்ந்து கத்துவார்கள். அம்மா அவர்களை "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்று எண்ணிக்கொண்டே இருப்பாள். அவர்களும் கூடவே கூவுவார்கள். நல்ல விளையாட்டு! எப்போது மறுபடி மழை வரும் என்று வருஷம் முழுக்கக் காத்துக் கிடப்பார்கள்.

தங்காயியின் கண் கலங்கிவிட்டது.

"ஏனுங்க," என்றாள். "இதையே வாங்கிரலாமுங்க!"

மாரப்பன் ஆச்சரியப்பட்டான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் ஒரு பொருளை வேண்டும் என்று கேட்டதே இல்லை.

"கேட்டீங்களா தரகரே! அம்மிணிக்கே பிடிச்சுப்போச்சு!" என்றான். "நாளைக்குக் காலையில அச்சாரம்."

ஓணான் தலையை ஆட்டினார்.

"ஒரு முழம் தோண்டி மண்ணு பார்த்துக்கறேன். வழக்கம் பாருங்க," என்று மாரப்பன் காலால் பறித்தான். மண் பொலபொலவென்று வந்தது. ஒரு முழம் போனதும் நகத்தில் ஏதோ மெத்தென்று பட்டது.

"யாரது?" என்று ஒரு குரல் உள்ளிருந்து சீறியது. "மழை வந்துருச்சா?"

மண்ணுக்குள் ஒரு தவளை கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இல்லைங்களே," என்றான் மாரப்பன் பயந்துபோய்.

"பின்ன எதுக்கய்யா எழுப்புனே?"

"மனை வாங்க வந்தோமுங்க."

தவளை ஒற்றைக் கண்ணைத் திறந்தாள். "மனையா? குளத்துக்குள்ளயா?"

ஓணான் குச்சியிலிருந்து அவசரமாகச் சொன்னார்: "தூக்கக் கலக்கத்துல உளறுது! மூணு வருஷமா இங்க ஒரு பொட்டுத் தண்ணி நிக்கலை. வேணும்னா கீரியம்மாவைக் கேளுங்க."

"நான் வந்ததே போன வாரம்தான்," என்றாள் கீரியம்மா. "ஆனா தரகர் சொன்னாரு."

"மூணு வருஷமா நிக்கலை, நெசம்தான்," என்றாள் தவளை. "மழை பெய்யலை, நிக்கலை. நான் காத்துக்கிட்டுத்தானே இருக்கேன்? தண்ணி வராத இடத்துல எனக்கு என்ன வேலை?"

மாரப்பன் தலையைச் சொறிந்தான். "மூணு வருஷமா வராதது இனிமேலா வரப்போகுது? நீ என்ன சொல்றே தங்கா?"

தங்காயிக்கும் அந்த இடத்தை விட மனசில்லை. வந்தால்தான் என்ன? அம்மா வீட்டிலும்தான் தண்ணீர் வந்தது. மேட்டுக்குப் போனால் தீர்ந்தது.

"உனக்குக் குட்டி எத்தனை?" என்று தவளை அவளைக் கேட்டாள்.

"ரெண்டுங்க."

"தண்ணி வந்தா எப்படித் தூக்கிட்டுப் போவே?"

தங்காயி மண்ணில் உருண்டுகொண்டிருந்த குட்டிகளிடம் போனாள். சிட்டுவைக் கழுத்தில் கவ்வித் தூக்கினாள். கரையை நோக்கி நடக்க ஆரம்பித்தாள்.

"அம்மிணி! எங்க போறீங்க?" என்று ஓணான் சிரித்தார்.

அவள் திரும்பவில்லை. பார்க்கும்போது கரை பக்கம்போல் தெரிந்தது. நடக்க நடக்க விலகிப் போனது. சிட்டு கனத்தாள். கழுத்து வலித்தது. வாய் அடைத்திருந்ததால் மூச்சு முட்டியது. சிட்டுவுக்கோ ஒரே கொண்டாட்டம். "இன்னும் வேகமா, அம்மா! இன்னும் வேகமா!" என்று காலை ஆட்டினாள். அம்மா நெஞ்சுக்குள் மூச்சு திணறியது அவளுக்கு எப்படித் தெரியும்?

கரை மேல் ஏறிச் சிட்டுவை இறக்கிவிட்டுத் தங்காயி திரும்பிப் பார்த்தாள்.

பொன்னான் வெகு தூரத்தில் ஒரு புள்ளியாகத் தெரிந்தான்.

இப்போது மழை பெய்தால்? இவளை இங்கே தனியாக விடுவதா? அவனை அங்கே தனியாக விடுவதா? அவளுக்கு இரண்டே குட்டிகள். அம்மாவுக்கு நாலு. அப்படியானால் அம்மா தண்ணீரில் எத்தனை நடை நடந்தாள்! முதலில் யாரைத் தூக்குவது என்று எப்படி முடிவு செய்தாள்! இலுப்பை மரத்தடியில் அம்மா சாப்பிட்டதாகவோ தூங்கியதாகவோ தங்காயிக்கு ஞாபகமே இல்லை. மழையைப் பார்த்துக்கொண்டு, முள்ளெல்லாம் சொட்டச் சொட்ட, வெளிப்பக்கமாகத்தான் உட்கார்ந்திருப்பாள். எண்ணிக்கொண்டே இருப்பாள்.

அது விளையாட்டில்லை. பயம்.

தங்காயி சிட்டுவை நடத்திக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தாள். நேராக மாரப்பனிடம் போனாள்.

"வேண்டாமுங்க."

"என்ன புள்ள இது! இப்பத்தானே வேணும்னே?"

"அப்ப நான் குட்டியா இருந்ததை நினைச்சுச் சொன்னேனுங்க. இப்ப அம்மாவா நடந்து பார்த்துட்டுச் சொல்றேன்."

மாரப்பன் கரையைப் பார்த்தான். பொன்னானைப் பார்த்தான். "சரி புள்ள," என்றான்.

"அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது!" என்று ஓணான் முகத்தைச் சுளித்தார். "இனி மிச்சம் இருக்கறது கரைக்கு அந்தப் பக்கம் கல்லு மேடு ஒண்ணுதான். யாரும் திரும்பிப் பார்க்காத இடம். நகமெல்லாம் தேஞ்சுபோயிரும்!"

"தேய்ஞ்சா வளருமுங்க," என்றாள் தங்காயி. தரகரிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

போகும்போது அவள் கீரியம்மாவிடமும் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "குளமாம் தங்கச்சி. மழைக்கு முன்னால வேற இடம் பார்த்துக்கயேன்."

"ஒரு தவளை பேச்சுக்கா இவ்வளவு பயம்?" என்று கீரியம்மா சிரித்தாள். "போங்கக்கா! அல்வா மண்ணை விட்டுட்டுக் கல்லைக் கொத்தப் போறீங்க!"

ஆனி கடைசியில் கல் மேட்டுக்கு அச்சாரம் கொடுத்தார்கள். பாறை இடுக்கைக் காலி செய்த அன்று உடும்பு வந்து வாசலில் நின்றது. தங்காயி அவசர அவசரமாகச் சுவரின் கீறல்களைக் காலால் தேய்த்து அழிக்கப் போனாள்.

"விடு அம்மிணி," என்றது உடும்பு. "இருக்கட்டும். குட்டிக நெளிஞ்ச இடம்."

தங்காயி அந்தக் கீறல்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். தாழ்வாக இருந்த கீறல் சிட்டு முதன்முதலாக நின்றபோது விழுந்தது. அதற்கு மேலே பொன்னானுடையது. அதற்கும் மேலே, மாரப்பன் தூக்கத்தில் உதைத்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

கல் மேட்டில் தோண்டுவது லேசில்லை. ஒரு நாளைக்கு ஒரு சாண்கூடப் போகவில்லை. நகம் தேய்ந்தது. "அந்த இடமே நல்லா இருந்துச்சு!" என்று குட்டிகள் சிணுங்கினார்கள். தங்காயிக்கும் சில நாள் அப்படித்தான் தோன்றியது. வேலை முடிந்த சாயங்காலங்களில் கரை மேல் போய் நிற்பாள். கீழேயிருந்து காற்று அந்த மண் வாசனையைக் கொண்டுவரும். கண்ணை மூடி ஆசை தீர இழுத்துக்கொண்டு வந்து மறுபடி கல்லைக் கொத்துவாள்.

ஐப்பசி பிறந்தது. மூன்று வருஷத்து மழையும் சேர்ந்து கொட்டியது போல் ஒரு மழை! இரண்டாம் நாள் விடியும்போது கரைக்குக் கீழே வெட்டவெளியைக் காணோம். ஒரே தண்ணீர். தவளைகள் காது கிழியக் கத்தின. ஓணான் வேலிக் குச்சியிலிருந்து எப்போதோ மரத்துக்கு மாறியிருந்தார்.

தண்ணீரில் ஏதோ அசைவது தங்காயி கண்ணில் பட்டது. கீரியம்மா! கழுத்தளவுத் தண்ணீரில் வாயில் ஒரு குட்டியோடு தத்தளித்து வந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு மண்மேட்டில் இன்னும் இரண்டு குட்டிகள் நின்று அலறின.

"பொன்னான், தங்கச்சியைப் பிடிச்சுக்கோ! வாசலைத் தாண்டக் கூடாது!" என்றாள் தங்காயி. அடுத்த நொடி தண்ணீருக்குள் இறங்கிவிட்டாள். அவளுக்குப் பின்னால் மாரப்பனும் இறங்கினான்.

ஆளுக்கு ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு வந்து கல் வளைக்குள் விட்டார்கள். உள்ளே ஒரு சொட்டு ஈரமில்லை. கீரியம்மா மூன்று குட்டிகளையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பிறகு சுவரில் சாய்ந்து அழுதாள்.

"வெயில்ல வந்து பார்த்தேன்க்கா. மண்ணு மெத்துன்னு இருந்துச்சு. குட்டிக ஓடி விளையாடுச்சுங்க. அது போதும்னு நினைச்சுட்டேன்."

"நானும் அப்படித்தான் நினைச்சேன் தங்கச்சி," என்று சொல்லித் தங்காயி அவளுக்கு ஒரு கிழங்கை எடுத்துக் கொடுத்தாள். "முதல்ல நீ சாப்பிடு. குட்டிகளை நான் பார்த்துக்கறேன்."

குடியிருக்க இடம் தேடுகிறவர்கள், மனசுக்கு இனிக்கிற நினைவை மட்டும் நம்பிவிடாமல், அங்கே துன்பம் வந்தால் அதைச் சுமக்கப்போகிறவரின் காலால் ஒரு முறை நடந்து பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.