இரவல் போன அனா

கீழ்முனைத் தெருவில் ரொட்டி சுடுவதில் நைனாரை மிஞ்ச ஆளில்லை. மற்ற எல்லாவற்றிலும் அவனை யார் வேண்டுமானாலும் மிஞ்சலாம். அரபு நாட்டு விசா கைக்கு வந்தால்தான் நிக்காஹ் என்று பெண்ணின் வாப்பா கறாராகச் சொல்லிவிட்டார். அதனால் அவன் தன் கூட்டாளிகள் மூன்று பேரையும் இழுத்துக்கொண்டு ஜொஹரா டீச்சரிடம் அரபி படிக்கப் போனான்.

முதல் நாள் நாலு சொல். அனா என்றால் நான், அன்த்த என்றால் நீ, ஹுவ என்றால் அவன், நஹ்னு என்றால் நாங்கள். "நாளைக்கு ஆளுக்கு ஒரு வார்த்தையாவது மனப்பாடமா வரணும்" என்றார் டீச்சர்.

நாலு சொல், நாலு ஆள். பொருத்தம் இவ்வளவு கச்சிதமாக அமைந்ததில் அவர்களுக்குத் தலைகால் புரியவில்லை. மூத்தவர் என்பதால் சேகு காக்கா அனாவை எடுத்துக்கொண்டார். நைனாருக்கு அன்த்த வந்தது. ஹுவ பக்கீருக்கு, நஹ்னு மஸ்தானுக்கு. அடுத்தவன் சொல்லைத் தொடுவதில்லை என்று சத்தியமும் செய்துகொண்டார்கள்.

அடுத்த வாரம் ரொட்டிக் கடைக்கு ஆள் எடுக்க வந்த அரபி முதலாளி நாலு பேரையும் பார்த்து ஏதோ கேட்டார். ஏஜெண்ட் தமிழில் சொன்னார்: "ரொட்டி சுடத் தெரிஞ்சது யாரு? அரபியிலயே பதில் சொல்லணும்."

நைனார் சேகு காக்காவின் காதருகே குனிந்தான். "காக்கா, உங்க அனாவைக் கொஞ்சம் தாங்களேன். என் நிக்காஹே அதுலதான் நிக்குது."

"தந்துட்டா நான் என்ன செய்வேன் தம்பி?"

"ரெண்டே வருசம். வந்ததும் தந்துடுறேன்."

சேகு காக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினார். நைனார் எழுந்து "அனா!" என்றான். விசா கிடைத்தது, நிக்காஹ் முடிந்தது, விமானமும் ஏறினான்.

பத்தாம் நாள் பக்கீர் போனில் பதறினான்.

"சேகு காக்கா மத்தியானத்துலேர்ந்து அவர் வீட்டு வாசல்லயே நிக்கிறாரு. இன்னிக்குன்னு பாத்து அவர் வீட்டம்மா உள்ளே தாழ் போட்டிருக்கு. தட்டினா யாருன்னு கேக்குது. என்னத்தைச் சொல்லுவாரு?"

"நான்னு தமிழ்ல சொல்லலாமே?"

"அதுவும் அதே சரக்குதானடா? அதான் உங்கிட்ட இருக்கே!"

நைனாருக்கு மனசு கேட்கவில்லை. "போனை அவர் காதுல வை" என்று சொல்லி, வேலை போனாலும் போகட்டும் என்று, "அனா!" எனக் கத்தினான்.

அடுத்த நொடி சேகு காக்கா கதவைத் தட்டி "அனா!" என்று முழங்குவது அவனுக்குக் கேட்டது. கதவுக்குப் பின்னாலிருந்து அவர் மனைவியின் குரலும் கேட்டது.

"வீட்டுல ஆம்பளை இல்லீங்க அரபிக்காரரே. காலையில போன மனுசன் இன்னும் வரலே."

இரண்டாவது தாழ்ப்பாளும் விழுந்தது.

"இப்ப என்ன செய்யறாரு?" என்றான் நைனார் கவலையோடு.

"அவ புருசன் வந்ததும் பேசிக்கலாம்னு படியில உக்காந்துட்டாரு. நாங்களும் துணைக்கு இருக்கோம்" என்றான் பக்கீர்.