முற்றத்தில் இருந்த நாற்பத்து மூன்று

இக்கதையைக் கேட்பவர் மூன்று செய்திகளை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். அறியாமல் கேட்டால் நடுவில் எழுந்து கேள்வி கேட்க நேரும்.

முதலாவது: நாற்காலிக்குப் பிரம்பு பின்னும் திருமேனிக்குப் பிறவியிலேயே இரு கண்ணிலும் படலம். ஐம்பத்தோராம் வயதில், நகரத்து மருத்துவமனை ஒன்றில் அதை நீக்கினார்கள். நீக்கி ஐம்பது நாள் ஆகிறது. கண்ணில் இனிக் குறை ஏதுமில்லை என்று மருத்துவர் எழுதியே கொடுத்திருக்கிறார்.

இரண்டாவது: திருமேனியின் ஆசிரியர் உலகம்மை, அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். மலையடிவாரத்தில், மூன்று அறையும் ஒரு முற்றமும் கொண்ட வீட்டில் தருக்கம் கற்பிக்கிறார். ஊரார் அந்த வீட்டை மடம் என்பார்கள். பத்தாண்டுகளாகத் திருமேனி அங்கே செவிவழியாகப் பாடம் கேட்டவர். கேட்டதை மறந்தவர் அல்லர்.

மூன்றாவது: திருமேனியின் ஒரே மகள் செண்பகவல்லிக்கு இன்னும் ஒன்பது நாளில் திருமணம்.

இனிக் கதை.

*

"இதைக் கட்டிவிடுங்கம்மா."

திருமேனி நீட்டிய கையில் ஒரு கறுப்புத் துணி இருந்தது.

உலகம்மை துணியைப் பார்த்தார். வாங்கவில்லை.

"கட்ட உங்களுக்குத் தெரியாதா, அண்ணாச்சி?"

"தெரியும். நானே கட்டினா எம் பொண்ணு அவுத்துருவா. நீங்க கட்டினதுன்னு சொன்னா தொட மாட்டா."

அடுக்களை வாசலில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த பேச்சிமுத்து சிரித்தான். மடத்தின் சமையல் அவன் பொறுப்பு. மடத்தின் பேச்சிலும் பாதி அவன் பொறுப்பு.

"நல்லாருக்கு அண்ணாச்சி. தொறக்க ஒரு டாக்டரு, மூட ஒரு குரு."

உலகம்மை கேட்டார்: "கண்ணு வலிக்கா?"

"வலிக்கல. தெரியுது. அதுதான் வலி."

"தெரிஞ்சா நல்லதுதானே?"

"எல்லாம் தெரியுதும்மா. எதுவும் இன்னதுன்னு தெரியல. நேத்து நாற்காலி பின்ன உக்காந்தேன். பக்கத்துல பிரம்பு கிடந்துச்சு. எடுத்தேன், கையில தரைதான் வந்துச்சு. மறுபடி எடுத்தேன், மறுபடியும் தரை. கடைசியில எம் பொண்ணு வந்து சொல்லுதா, அது நாற்காலியோட நிழலாம்."

"நிழல்லயே பின்னிருங்க, அண்ணாச்சி. தூக்கிட்டுப் போக லேசா இருக்கும்" என்றான் பேச்சிமுத்து.

உலகம்மை அவனைத் திரும்பிப் பார்த்தார். தேங்காய் துருவும் சத்தம் மீண்டும் கேட்டது.

"புகையைக் கண்டு நெருப்பை அறியறது எப்படின்னு பத்து வருசம் படிச்சீங்களே" என்றார் திருமேனியிடம்.

"அந்தப் புகை எதுன்னே தெரியலையேம்மா! அடுக்களைச் சுவரும் புகையும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு நிக்குது. சுவத்தைக் கண்டு நெருப்புன்னு சொல்லிருவேன் போல."

பிறகு திருமேனியின் குரல் இறங்கியது.

"ஆசுபத்திரியில கட்டு அவுத்த அன்னைக்கு முன்னால மூணு பேரு நின்னாங்களாம். எனக்குத் தெரிஞ்சது துண்டு துண்டா நிறம். ஒட்டுப் போட்ட போர்வையைக் கண்ணு முன்னால விரிச்ச மாதிரி. பாத்துக்கிட்டே இருந்தேன். அழுத சத்தம் கேட்ட பிறகுதான், அந்தப் போர்வைக்குள்ள எம் பொண்ணு இருக்கான்னு தெரிஞ்சுது."

திருமேனி துணியை விரலில் சுற்றினார்.

"இப்பம் அவ ஒரு சத்தியம் வாங்கியிருக்கா. முகூர்த்தத்தன்னைக்கு யாரும் என் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வரக் கூடாது. யாரும் கூப்பிடக் கூடாது. பந்தல் வாசல்ல இருந்து நானே அவளைப் பாத்து, நானே நடந்து மணவறைக்கு வரணும். வந்த பிறகுதான் தாலிக்குக் கழுத்தை நீட்டுவாளாம்."

"துணியைக் கட்டிக்கிட்டா?"

"நேரா போயிருவேன். வாசல்ல இருந்து மணவறை இருபத்திரண்டு அடி. அளந்து வச்சிருக்கேன்."

"அவ கேட்டது நீங்க வாரதையா, பாக்கிறதையா?"

திருமேனி துணியை நான்காக மடித்தார்.

"சரி, கட்டுதேன்" என்றார் உலகம்மை. "அதுக்கு முன்னால ஒரு கணக்கு. இந்த முற்றத்துல எத்தனை பொருள் இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க. கணக்கு சரியா வந்த அன்னைக்குத் துணியைக் கட்டிவிடுதேன்."

திருமேனி முற்றத்தின் பக்கம் முகத்தைத் திருப்பினார். விரல் மடக்கி எண்ணினார். விரல்கள் தீர்ந்தன. மறுபடி முதலிலிருந்து மடக்கினார்.

"நாப்பத்து மூணு."

துருவல் நின்றது.

"நாப்பத்து மூணா? ஆடு, குடம், நாற்காலி, உரல், வேப்பமரம். அஞ்சு. போனாப் போகுதுன்னு என்னையும் சேத்துக்கிட்டா ஆறு."

"உன்னையே நான் ஏழா எண்ணியிருக்கேனப்பா."

பேச்சிமுத்து தன்னைக் குனிந்து பார்த்துக்கொண்டான். இடுப்பில் கட்டம் போட்ட சாரம், வெள்ளை பனியன், தோளில் சிவப்புத் துண்டு.

"எங்கம்மா கேட்டா சந்தோசப்படுவா. ஒண்ணைப் பெத்ததுக்கே ஓய்ஞ்சு போனேன்னு சொல்லுவா."

உலகம்மை உள்ளே போய்விட்டார்.

*

திருமேனி முற்றத்தின் ஓரத்தில் ஒரு சாக்கை விரித்து அமர்ந்தார்.

எதிரே நாற்பத்து மூன்று இருந்தன. கறுப்பு, வெள்ளை, பழுப்பு, மினுக்கல். எல்லாம் ஒரே சுவரில் பூசியவை போல ஒட்டிக்கிடந்தன. எதற்கு எது அண்டை என்பது தெரிந்தது. எதற்கு எது உறவு என்பது தெரியவில்லை.

வெயில் ஏறியது.

அப்போது இடப்பக்கத்துக் கறுப்புகளில் ஒன்று அசைந்தது. அதனை அடுத்த வெள்ளை அசைந்தது. அதற்கும் அப்பால், தொடர்பே இல்லாமல் கிடந்த ஒரு பழுப்பும் அசைந்தது. மூன்றும் ஒரே திசையில், ஒரே விரைவில் எழுந்தன. இன்னும் பல அவற்றோடு எழுந்தன.

"அம்மா! பத்தொன்பது போயிருச்சு!"

உலகம்மை வாசலுக்கு வந்தார்.

"எப்படிப் போச்சு?"

"ஒண்ணாப் போச்சு!"

"ஒண்ணாப் போனது எத்தனை?"

திருமேனி எண்ண விரலை மடக்கினார்.

முற்றத்தின் மறுகோடியிலிருந்து ஆடு கத்தியது.

"ஒண்ணு" என்றார் திருமேனி.

ஆடு நிழல் தேடி மீண்டும் படுத்தது. திருமேனி மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார், அது மறுபடியும் பத்தொன்பதாக உடையும் என்று.

உடையவில்லை.

"இருபத்தஞ்சு" என்று அன்று மாலை கணக்கு ஒப்பித்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

*

மறுநாள் பேச்சிமுத்து கிணற்றடிக்குப் போனான். சாரமும் பனியனும் துண்டும் தலையும் கைகளும் ஒன்றாகப் போயின.

"நீயும் ஒண்ணுதானாப்பா!"

"மெதுவாச் சொல்லுங்க. எம் பொண்டாட்டிக்கு இன்னும் அதுல சந்தேகம் இருக்கு."

"ஆனா உனக்கு வால் ஒண்ணு இருக்கு. கறுப்பா, நீளமா. கால்ல ஒட்டிக்கிட்டுக் கூடவே வருது."

பேச்சிமுத்து சட்டென்று பின்னால் திரும்பிப் பார்த்தான். பார்த்ததற்காக வெட்கப்பட்டான்.

உலகம்மை சொன்னார்: "சுவரோரமா நட, முத்து."

அவன் சுவரை நெருங்கினான். தரையில் கிடந்த வால், சுவரைத் தொட்டதும் மடங்கிச் சுவரில் ஏறியது. பேச்சிமுத்து மடங்கவில்லை.

திருமேனி எழுந்து போய்ச் சுவரில் ஏறியதைக் கையால் எடுத்துப் பார்த்தார். கையில் சுவர்தான் வந்தது. இம்முறை அவரே சிரித்தார்.

"நாற்காலி பின்னுததுக்கு ஆகாது" என்றார்.

அன்றைய கணக்கு பதினெட்டு.

*

மூன்றாம் நாள் கணக்கு பதினெட்டிலேயே நின்றது.

ஆடு இரண்டு முறை எழுந்தது. பேச்சிமுத்து இருபது முறை நடந்தான். மற்ற பதினாறும் இருந்த இடத்தில் இருந்தன. குடத்தின் மினுக்கல் ஒரு பொருள், குடத்தின் வயிறு ஒரு பொருள், நாற்காலியின் காலிடுக்கில் தெரிந்த மரத்துண்டு ஒரு பொருள்.

உச்சிவேளையில் திருமேனி மடியிலிருந்து கறுப்புத் துணியை எடுத்தார்.

"போதும்மா. அசையறது எல்லாம் எனக்குத் தெரிஞ்சிருச்சு. அசையாதது எனக்குக் கிடைக்காது. அது போர்வையோட போர்வையாத்தான் கிடக்கும்."

"கிடந்தா என்ன?"

"மணவறையில பொண்ணு எப்படிம்மா உக்காந்திருப்பா? தலையைக் குனிஞ்சு, ஆடாம அசையாம உக்காந்திருப்பா. சுத்தி இருபது பட்டுச்சேலை. அதுல எந்தத் துண்டை நான் எம் பொண்ணுன்னு எடுக்க?"

உலகம்மை அவருக்குப் பின்னால் போய் நின்றார்.

குனிந்தார். திருமேனி அமர்ந்திருந்த சாக்கின் முனையை இரு கையாலும் பற்றினார். ஒரே இழுப்பு.

சாக்கு ஒரு முழம் நகர்ந்தது. திருமேனியும் நகர்ந்தார்.

"ஐயோ! எல்லாம் ஓடுது!"

"என்ன ஓடுது?"

"நாற்காலி... மரத்தைத் தாண்டி ஓடுது. குடம் அதைவிட வேகமா ஓடுது. மினுக்கலும் வயிறும் ஒண்ணாத்தான் ஓடுது. ஐயோ, சுவரு மட்டும் பின்னாலேயே நிக்குதே!"

"எதுவும் ஓடல, அண்ணாச்சி" என்றான் பேச்சிமுத்து. "நீங்கதான்..."

உலகம்மை கையமர்த்தினார்.

திருமேனி சாக்கின் மேலேயே இடப்பக்கம் சாய்ந்தார். வலப்பக்கம் சாய்ந்தார். மறுபடி இடப்பக்கம். போர்வை தையல் விட்டது. முன்னால் இருந்தது முன்னாலும், பின்னால் இருந்தது பின்னாலும் போய் நின்றது.

வெகுநேரம் அப்படியே ஆடிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"ஏழு."

"ஆறு" என்றான் பேச்சிமுத்து. "கடைசியில வந்து கோட்டை விட்டுட்டீங்களே."

"ஏழு. வேப்பமரத்துல ஒரு பிடி மட்டும் தனியா மேல ஏறுது."

பேச்சிமுத்து மரத்தடிக்குப் போனான். அண்ணாந்து பார்த்தான். மரப்பட்டையின் நிறத்தில், மரப்பட்டையின் சொரசொரப்பில், ஓர் ஓணான் அவனை நோக்கித் தலையாட்டியது.

"இது எப்பம்லே வந்துச்சு?" என்று ஓணானையே கேட்டான்.

உலகம்மை திருமேனியின் முன் வந்து கையை நீட்டினார்.

"கணக்கு சரி. துணியைத் தாங்க, கட்டுதேன்."

திருமேனி துணியை மடியில் செருகிக்கொண்டார்.

"கல்யாணம் முடியட்டும்மா."

*

எஞ்சிய நாள்களில் திருமேனி வீட்டில் தண்ணீர்ப் பானைக்கு முன்னால் ஆடினார். அரிசி மூட்டைக்கு முன்னால் ஆடினார். கொடியில் காய்ந்த சேலைகளுக்கு முன்னால் அரைநாள் ஆடினார்.

"கோயில் யானை கெட்டது போங்க, அப்பா" என்றாள் செண்பகவல்லி. "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முன்னாடி மட்டும் ஆடிராதீங்க. கரும்பை நீட்டிருவாங்க."

திருமேனி சொன்னார்: "கரும்பு எதுன்னு தெரிஞ்சா வாங்கிக்கிடுதேன்."

*

முகூர்த்த நாள். பந்தல் வாசல்.

நாகசுரமும் தவிலும் உச்சத்தில் இருந்தன. பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழாது. குரலைக் கொண்டு ஒருவரை அறிவதற்கு அங்கே வழியில்லை.

திருமேனியின் தங்கை அவர் கையைப் பற்ற வந்தாள். சத்தியம் நினைவுக்கு வந்து விலகிக்கொண்டாள்.

எதிரே சிவப்பு, பச்சை, மஞ்சள், பொன். மினுக்கல் மேல் மினுக்கல். ஒட்டுப் போட்ட போர்வையிலேயே பெரிய போர்வை.

திருமேனியின் கை மடிக்குப் போனது. துணி அங்கேதான் இருந்தது. இருபத்திரண்டு அடி.

துணியை வெளியே எடுத்தார்.

அருகில், அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து நின்ற பேச்சிமுத்துவின் கையில் அதைத் திணித்தார்.

பிறகு இடப்பக்கம் சாய்ந்தார்.

"என்ன, பொண்ணோட அப்பா காலையிலேயே ஊத்திக்கிட்டு வந்துட்டாரா?" என்று மாப்பிள்ளை வீட்டார் ஒருவர் கேட்டது, நல்லவேளையாக, யார் காதிலும் விழவில்லை.

வலப்பக்கம் சாய்ந்தார். பந்தக்கால் முன்னால் வந்தது. வாழைமரம் தனியே பிரிந்தது. உட்கார்ந்திருந்த பெண்கள் ஒருவர் பின் ஒருவராக விலகினார்கள். ஆள் ஆளாகத் தெரிந்தார்கள். எல்லாரும் பட்டு. எல்லாரும் பூ. எவளும் செண்பகவல்லியாக இருக்கலாம்.

மறுபடி இடப்பக்கம். எல்லாம் வலப்பக்கம் நழுவின.

மறுபடி வலப்பக்கம். எல்லாம் இடப்பக்கம் நழுவின.

ஒன்று மட்டும் நழுவவில்லை.

திருமேனி இன்னொரு முறை சாய்ந்து பார்த்தார். பந்தல் நழுவியது, குத்துவிளக்கு நழுவியது, மாப்பிள்ளை நழுவினார். அரக்குச் சிவப்பில் ஒரு சேலையும் அதன் மேல் ஒரு முகமும், அவர் போன பக்கமெல்லாம் அவரோடு வந்து, விட்ட இடத்திலேயே நின்றன.

ஒன்றாகப் போவது எத்தனை என்று அங்கே யாரும் அவரைக் கேட்கவில்லை.

நடந்தார்.

*

பின்னர் உறுதிசெய்யப்பட்ட செய்திகள் வருமாறு.

பந்தல் வாசலிலிருந்து மணவறை வரை இருபத்திரண்டு அடி என்பது சரியான அளவே. திருமேனி அன்று அடியை எண்ணவில்லை.

முற்றத்தில் இருந்த பொருள் ஏழு. ஓணான் முதல் நாள் காலையிலேயே மரத்தில் இருந்தது. தாம் அதைப் பார்த்ததாக உலகம்மை ஒப்புக்கொண்டார்.

கறுப்புத் துணி பேச்சிமுத்துவிடம் இருக்கிறது. சாம்பார் அண்டாவை இறக்கும்போது கை சுடாமல் இருந்ததால், திருப்பித் தர அவனுக்கு மனமில்லை.

மணப்பெண் மணவறையில் அமர்ந்தபடி இடமும் வலமுமாக ஆடினாள் என்பது உண்மை. பந்தலில் இருந்த முந்நூறு பேரும் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் தாயார் இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறார். அந்நேரத்தில் எடுத்த புகைப்படத்தில் குத்துவிளக்கின் திரிகூடத் தெளிவாக விழுந்திருக்கிறது. செண்பகவல்லியின் முகம் மட்டும் கலங்கியிருக்கிறது.

திருமேனி ஒருவர்தாம் இதை மறுக்கிறார்.

"அன்னைக்கு எல்லாந்தான் அசைஞ்சுது. எம் பொண்ணு மட்டும் அசையவே இல்ல."