பரிவட்டத்துக்கு ஒரு பட்டாளம்

கடல் தாண்டி வந்தவர்கள் கடற்கரையோடு நின்றிருந்த காலம். மார்கழியில் ஒரு விடியல். குளம் எது, வானம் எது என்று தெரியாதபடி பனி மூடிக் கிடந்தது. அந்தப் பனிக்குள்ளிருந்து செங்குளம் பாளையக்காரர் கொம்பையா குதிரையில் வந்தார். அவருக்குப் பின்னால் காவலாள் சுடலை வெற்றிலைத் தட்டோடு வந்தான்.

குளத்துக்கரை மண்டபத்தில் கோமதியம்மை உட்கார்ந்திருந்தாள். துறவி. வயதில் கொம்பையாவுக்கு மகள் போலிருப்பாள். ஆனாலும் அவர்தான் சீடர், அவள்தான் குரு. ஊரில் இதைப் பற்றிக் கேலி பேசாத வாய் கிடையாது. கொம்பையா அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"திருநீறு தாங்க தாயே."

"எங்க பயணம்?"

"கப்பித்தான் குளத்துக்கு அந்தப் பக்கம் கூடாரம் போட்டிருக்கான், அங்கதான். இன்னைக்கு வெத்தலை மாத்துறோம்."

வெற்றிலை மாற்றிவிட்டால் வாக்குக் கொடுத்தது போல. அந்தச் சீமையில் யாரும் அதைத் திரும்ப வாங்கியதில்லை.

கப்பித்தான் என்கிற வெள்ளைக்காரன் துணி வாங்கத்தான் முதலில் வந்தான். இங்கே நெய்கிற துணிக்கு அவன் ஊரில் அடிதடியாம். கட்டுகள் மழையில் நனையாமலிருக்கக் கடற்கரையில் கொஞ்சம் இடம் கேட்டான். கொடுத்தார்கள். திருட்டுப் பயம் என்றான், சுற்றிச் சுவர் எழும்பியது. வேறொரு கொடிக்காரனும் கப்பலில் வருகிறான் என்றான், சுவர்மேல் பீரங்கி ஏறியது. ஒவ்வொன்றையும் தொப்பியைக் கழற்றிவிட்டு மரியாதையாகத்தான் கேட்டான். அவ்வளவு பணிவானவனிடம் முடியாது என்று சொல்ல யாருக்கு மனசு வரும்?

"அவன் உமக்கு என்ன தாரான்?" என்றாள் அம்மை.

"பட்டாளம். தேர்த் திருநாளுக்குக் கோயில் வாசல்ல நிக்கும். பரிவட்டம் என் தலையில ஏறும்."

கொம்பையாவுக்குப் போன வருஷம் பட்ட அவமானம் இன்னும் ஆறவில்லை. தேர் இழுக்கும் முன் சாமியின் பட்டைப் பரிவட்டமாகப் பாளையக்காரர் தலையில் கட்டுவது வழக்கம். அப்பா போன பிறகு, கட்ட வேண்டியது தனக்கே என்று பக்கத்து ஊரிலிருந்து தம்பி பேச்சிமுத்துவும் வந்து நின்றான். பட்டைக் கையில் வைத்துக்கொண்டு குருக்கள் விழித்தார். ரெண்டு பக்கமும் அரிவாள் உயர்ந்தது. வடம் தரையிலேயே கிடந்தது. தேர் நகரவேயில்லை.

"நான் வாங்கலேன்னா தம்பி வாங்குவான் தாயே. அந்த இன்னொரு கொடிக்காரன் அவன்கிட்ட ஆள் விட்டுட்டான்."

"பட்டாளத்துக்குச் சோறு?"

"கீழூர்கள்ல வரி தண்டி அவங்களே எடுத்துக்குவாங்க."

அம்மை எழுந்து திருநீற்றை அவர் நெற்றியில் பூசினாள்.

"நானும் கூட வாரேன். பனிக்குள்ள நரி கிடக்கு. உமக்குக் காவலா வாரேன்."

கொம்பையாவுக்குச் சிரிப்பு வந்தது. "எனக்கு நீங்க காவலா!"

"ஏன், கூடாதா? ஆனா காவலுக்கு வாரவ வெறுங்கையோடவா வாரது? கத்தியைத் தாரும்."

குரு கேட்டால் கொடுக்க வேண்டியதுதான். இடுப்பிலிருந்து உருவிக் கொடுத்தார்.

கொஞ்ச தூரம் போனார்கள். கரை முடிவே இல்லாமல் நீண்டுகொண்டிருந்தது. ஏதோ ஒரு பறவை கூப்பிட்டது. அது தண்ணீருக்குள்ளிருந்து கூப்பிடுவது போல இருந்தது.

"காவல் காக்கிறவளுக்குத் தூரம் தெரியணும்லா? இறங்கும்" என்றாள் அம்மை.

கொம்பையா இறங்கினார். அவள் ஏறிக்கொண்டாள்.

"சுடலை, குதிரையைப் பிடி. இனி நீ என் ஆளு."

"அவனுக்குச் சோறு யாரு போடுவா?" என்று விளையாட்டாகக் கேட்டார் கொம்பையா.

"நீர்தான். காவல் உமக்குத்தானே?"

"குதிரைக்குக் கொள்ளு?"

"அதுவும் நீர்தான்."

சுடலை மறுபக்கம் திரும்பிச் சிரித்தான். கொம்பையாவும் சிரித்தார். பனி மூன்று பேரையும் விழுங்கிக்கொண்டு நகர்ந்தது. கனவில் நடக்கிறவர் போல, வழியைப் பார்க்காமல் குதிரையின் வாலைப் பார்த்தே நடந்தார் கொம்பையா. அதுவும் ஒரு சுகமாகத்தான் இருந்தது. எதையும் யோசிக்க வேண்டியதில்லை.

மடைப் பக்கம் வந்தபோது நாலைந்து குடியானவர்கள் பனிக்குள்ளிருந்து எழுந்து வந்தார்கள். குதிரையைக் கண்டார்கள், கத்தியைக் கண்டார்கள், பனியில் முகம் தெரியவில்லை. தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்கள்.

"மகராசா, மேலமடை திறக்கவா, கீழமடை திறக்கவா? ராத்திரியில இருந்து சண்டை."

கொம்பையா வாயைத் திறப்பதற்குள் மேலேயிருந்து குரல் வந்தது.

"மேலமடை."

அவர்கள் கும்பிட்டுவிட்டு ஓடினார்கள். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. முறைப்படி அன்றைக்குக் கீழமடைதான் திறந்திருக்க வேண்டும். அதைச் சொல்ல வேண்டும் என்று கொம்பையாவுக்குத் தோன்றியது. யாரிடம் சொல்வது?

"சுடலை, நில்லு" என்றார்.

சுடலை நிற்கவில்லை. அண்ணாந்து அம்மையின் முகத்தைப் பார்த்தான். பத்து வருஷமாக அவர் உப்பைத் தின்றவன். அவனைக் குற்றம் சொல்லவும் முடியாது, கத்தி இருக்கிற பக்கம்தானே பார்வை போகும்.

அம்மை தலையசைத்த பிறகுதான் குதிரை நின்றது.

கொம்பையாவுக்கு நாக்கு வறண்டது. கரைக்குக் கீழே நீர் அசையாமல் வெள்ளையாகக் கிடந்தது. அவருடைய தாத்தா ஊரைக் கூட்டி வெட்டிய குளம்.

"தாயே, கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கிடட்டுமா?"

கேட்டுவிட்டார். கேட்ட பிறகுதான் அந்த வார்த்தை அவர் காதுக்கே வந்து சேர்ந்தது. உடம்பு கூசியது. படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"குடியும். நான் என்ன வேண்டாம்னா சொல்லப்போறேன்?" என்றாள் அம்மை. அவள் குரலில் கோபமும் இல்லை, கேலியும் இல்லை.

அவர் குடிக்கவில்லை. எழுந்து கையை நீட்டினார்.

"என் கத்தியைத் தாங்க."

"தாரேன். தந்துட்டா, தம்பிகிட்ட இருந்து உம்மை யாரு காப்பாத்துவா?"

தூரத்தில், கூடாரம் இருக்கிற பக்கம், தம்பட்டம் அடிக்கத் தொடங்கினார்கள். அழைப்பு. சுடலை அந்தச் சத்தத்தையும் எசமானையும் மாறி மாறிப் பார்த்தான்.

கொம்பையா படிக்கட்டைத் திரும்பிப் பார்த்தார். சின்ன வயதில் இதே படிக்கட்டில் பேச்சிமுத்துவுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தது நினைவுக்கு வந்ததோ என்னவோ, கண் கலங்கியிருந்தது. அம்மை இறங்கி, கத்தியை அவர் கையில் வைத்தாள். அவர் அதைச் சுடலையிடம் கொடுத்துவிட்டார். கரை அந்த இடத்தில் ரெண்டாகப் பிரிந்தது. ரெண்டு பக்கமும் ஒரே வெண்மை.

"பேச்சிமுத்து ஊருக்கு எந்தப் பக்கம் போகணும் தாயே?"

அம்மை அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உம்ம தம்பி வீட்டுக்கு வழி, என்கிட்டயா கேக்கீரு?"