ஒச்சம்மா கழுவிய கிளாஸ்

கம்பம் பக்கம் தேவசகாயம் குடும்பத்துக்குச் சொந்தமாக ஒரு ஒயின் ஆலை. அங்கே கிளாஸ் கழுவுகிறவள் ஒச்சம்மா. ஒயினை ருசித்து மார்க் போடுகிற பெரிய மனுஷன் சந்திரபிரகாஷ் ஒருநாள் அங்கே வந்து இறங்கினார்.

முதல் கிளாஸை மூக்கருகே கொண்டுபோனதுமே மூஞ்சியைச் சுளித்தார்.

"என்னய்யா இது, மல்லிகை சோப்பு வாடை!"

"வெந்நீர்லதாங்க கழுவுறேன், சோப்பே தொடுறதில்லை" என்றாள் ஒச்சம்மா.

நாலு கிளாஸ் மாற்றியும் அதே வாடைதான்.

"இந்தப் பொம்பளையை வேலையைவிட்டு நிறுத்துங்க. இல்லேன்னா உங்க ஒயினுக்கு முட்டைதான் போடுவேன்!"

தேவசகாயம் கையைப் பிசைந்தார். ஒச்சம்மா ஐந்தாவது கிளாஸை நீட்டினாள். வாங்க வந்த கை கிட்டே நெருங்கியதும் அவள் மூக்குக்குச் சங்கதி எட்டிவிட்டது. கிளாஸைச் சட்டென்று பின்னுக்கு இழுத்தாள்.

"ஐயா, கோவிச்சுக்காம ரெண்டு கையையும் பின்னால கட்டிக்குங்க. நான் பிடிச்சுக்கிறேன், நீங்க மோந்து பாருங்க."

"அதையும்தான் பார்த்துடுவோமே" என்று அவரும் கையைக் கட்டிக்கொண்டு, குனிந்து மோந்தார். திராட்சை மணம் கும்மென்று ஏறியது.

"அட, இப்ப அந்த வாடை இல்லையே!" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார்.

"எப்படிங்க இருக்கும்? மல்லிகை அத்தர் உங்க மணிக்கட்டுல இல்ல மணக்குது!"

தேவசகாயம் சிரிப்பை அடக்க முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒச்சம்மா ஒரு செம்புத் தண்ணீரோடு வந்து நின்றாள்.

"கையை நீட்டுங்க ஐயா. கழுவுறதுதான் என் வேலை, அதை நான் இன்னும் விடலை."