விழுப்பரையர் அடைத்த ஜன்னல்

முன்னொரு காலத்தில் கார்மலை நாட்டை நன்னவேள் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். அங்கே வருஷத்தில் பாதி மழை. மீதிப் பாதி, அந்த மழையைப் பற்றிய பேச்சு. ராஜா நல்லவன்தான். கோபம் மட்டும் மூக்கு நுனியில் குடியிருக்கும்.

ஐப்பசியில் ஒரு காலை, சபையில் உட்கார்ந்தபடியே ஓர் அதிரசத்தைக் கடித்தான். முகம் கோணியது. துப்பினான். திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் முழுக்கப் பச்சையும் வெள்ளையுமாகப் பூசணம்.

"கூப்பிடு காத்தனை."

காத்தன் அரண்மனைச் சமையல்காரன். "இன்றைக்கு என்னடா குழம்பு?" என்று அவனிடம் கேட்காமல் ராஜா சபைக்கு வரமாட்டான். அதைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்தவர் விழுப்பரையர், அரண்மனைக் கட்டட வேலைகளுக்கு அதிகாரி. தன்னிடம் ஒரு வார்த்தை பேசாத ராஜா, கரண்டி பிடிப்பவனோடு சிரிக்கிறானே என்று.

"பூசணம் அழுக்குக் கையிலிருந்துதான் வரும், மன்னா," என்றார் அவர். "இவன் கை அப்படிப்பட்ட கை."

"கழுவாம நான் உப்பைக்கூடத் தொட்டதில்ல, ராசா." காத்தன் இரண்டு கையையும் விரித்துக் காட்டினான்.

"எந்தக் கையால் பூசணம் வந்ததோ அந்தக் கை மணிக்கட்டோடு போகட்டும்," என்றான் ராஜா.

மந்திரி சேந்தனாருக்கு இது சரியாகப் படவில்லை. அதிரசம் முதலான பண்டங்கள் வைக்கும் உக்கிராணத்துக்குப் போன வாரம்தான் போயிருந்தார். சுவரில் கை வைத்தால் ஈரம் ஒட்டியது. அரிசி மூட்டையில் மக்கல் வாடை. இருந்த இரண்டு ஜன்னலையும் விழுப்பரையர் கல் வைத்து அடைத்துவிட்டார். காற்று எங்கே போகும்? ஆனால் அடைக்கச் சம்மதித்தது ராஜா. குற்றம் அந்த ஜன்னலில் என்று இங்கே சொன்னால் அது ராஜாவின் தலையில் விழும். அப்புறம் காத்தன் கையோடு தன் தலையும் சேர்ந்து போகும்.

எழுந்தார்.

"இந்தத் தீர்ப்பு எல்லோருக்கும் பொதுவா, மன்னா?"

"எவனாக இருந்தாலும்."

"நல்லது. உக்கிராணத்தைப் பார்த்தேன். ஜன்னல் இருந்த சுவடே தெரியவில்லை. மன்னரின் யோசனை அபாரம்."

விழுப்பரையருக்குப் பொறுக்கவில்லை. "யோசனை என்னுடையது, மந்திரியாரே. ஜன்னல் வழியாக இவன் பண்டம் கடத்துவான் என்று கண்டுபிடித்ததும் நான், கல் வைத்ததும் நான். மன்னர் தலையசைத்தார், அவ்வளவுதான்."

"சபை கேட்டுக்கொள்ளட்டும்," என்றார் சேந்தனார். "கை அழுக்கென்றால் சோதிப்போம். விழுப்பரையர் வீட்டிலேயே அதிரசம் சுடட்டும். பாதி உக்கிராணத்தில். பாதி, மடைப்பள்ளி அடுப்புக்கு மேலே உறியில். இரண்டுக்கும் அவர் முத்திரை. காத்தன் சிறையில் இருக்கட்டும். வெள்ளிக்கிழமை திறப்போம். உக்கிராணத்துப் பண்டம் சுத்தமாக இருந்தால் காத்தனே குற்றவாளி."

"அப்படியானால் உமக்கு என்ன?" என்று இளித்தார் விழுப்பரையர். "பேசிவிட்டுப் போய்விடுவீரா?"

"என் கையையும் எடுத்துக்கொள்ளும்."

ராஜா தலையசைத்தான்.

முத்திரை வைத்த மறுநாளே மழை நின்றுவிட்டது. ஐப்பசியில் வெயில். ஊரே துணி உலர்த்திச் சிரித்தது. சேந்தனாருக்கு மட்டும் ஒரே கவலை. இந்த வெயிலில் அறை காய்ந்துவிட்டால்? சாப்பிட உட்கார்ந்தால் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். சிறைக்குப் போனார். காத்தன் கேட்டது ஒன்றுதான்: "ஒத்தக் கையால அரிசி களைய முடியுமா சாமி?"

வெள்ளிக்கிழமையும் வெயில்தான். உக்கிராணத்து வாசலில் சபை கூடியது. காத்தனைச் சிறையிலிருந்து கொண்டுவந்து நிறுத்தினார்கள். வெட்டுகிறவன் கட்டையைக் கொண்டுவந்து போட்டான். விழுப்பரையர் புது அங்கவஸ்திரம் போட்டிருந்தார்.

முதலில் உறி இறங்கியது. அதிரசம் சுட்ட அன்றைக்கு இருந்தபடியே இருந்தது. "பார்த்தீர்களா, என் வீட்டுக் கை," என்றார் விழுப்பரையர்.

பிறகு உக்கிராணக் கதவு. முத்திரையை ராஜாவே உடைத்தான். உள்ளிருந்து வந்த வாடையில் முன்வரிசை பின்வாங்கியது. வெயில் வெளியே நின்றுவிட்டது, ஈரம் உள்ளேயே அடைபட்டுக் கிடந்தது. சேந்தனார் தட்டை மூடியிருந்த துணியைப் பிடித்தார். இழுத்தார்.

அதிரசம் பூனைக்குட்டி மாதிரி மயிர் முளைத்துக் கிடந்தது.

"ஒரே வீட்டு மாவு, ஒரே கை," என்றார் சேந்தனார். "காற்றுப்பட்டது பிழைத்தது. அடைத்து வைத்தது பூத்தது. காத்தன் இதைத் தொடவே இல்லை."

ராஜா மெல்லத் திரும்பினான். விழுப்பரையர் கையை அங்கவஸ்திரத்துக்குள் இழுத்துக்கொண்டார்.

"மன்னா, தாங்கள்தானே தலையசைத்து..."

"அவ்வளவுதான் என்று நீர்தானே சொன்னீர். கல் வைத்த கையை நீட்டும்."

வெட்டுகிறவன் அவர் கையைப் பிடித்துக் கட்டைமேல் வைத்தான். காத்தன் முன்னால் வந்து நின்றான்.

"ராசா, அந்தக் கைய எனக்குக் குடுங்க."

"உனக்கா? எதற்கு?"

"உள்ள இருக்கிற ஜாடி, பானை, சுவரு எல்லாம் பூசணம். வெந்நீர் ஊத்தித் தேய்க்கணும், வெயில்ல காயவைக்கணும், சுண்ணாம்பு அடிக்கணும். எனக்கு ஆள் பத்தல. ரெண்டு கையும் வேணும், ஆளோட சேர்த்து."

ராஜாவுக்குச் சிரிப்பு வந்தது. வெகுநேரம் அடக்கிப் பார்த்தான், முடியவில்லை. கழுத்து முத்துமாலையைக் கழற்றிச் சேந்தனாருக்குப் போட்டான். "நானும் யோசிக்காமல் தலையசைத்தேன், மந்திரியாரே," என்றான், அவருக்கு மட்டும் கேட்கும்படி.

ஜன்னல் கல்லை விழுப்பரையரே கடப்பாரை போட்டுப் பெயர்த்தார். மழைக்காலம் முடியும்வரை காத்தனுக்குக் கீழே வேலை. புது அங்கவஸ்திரம் ஜாடி துடைக்கும் துணியாகிவிட்டது.

ஒருநாள் ராஜா குளித்த கையோடு உக்கிராணத்துக்குள் வந்து மாங்காய் ஊறுகாய் ஜாடிக்குள் கையை விடப்போனான். மூலையிலிருந்து ஓர் அதட்டல் வந்தது.

"ஈரக்கை, மன்னா. துடைத்துவிட்டுத் தொடுங்கள்."

விழுப்பரையர்தான். ராஜா மறுபேச்சில்லாமல் பட்டு வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டான்.