வெள்ளத்தில் வந்த கதவு

“என் அம்மாவோட சாட்சியை இவ திருடிட்டா, மதர். வார்த்தைக்கு வார்த்தை. இருமலைக்கூட விட்டுவைக்கலை.”

வெர்டெல் இதைத் திரும்பவும் சொன்னாள். மதர் அர்லீதா சர்க்கரைவள்ளிக்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தார். முதல் தடவை கேட்டபோதும் சீவிக்கொண்டுதான் இருந்தார்.

“நான் யார்கிட்டயும் எதையும் திருடலை,” என்றாள் லொரீன், மாவு பிசைந்த கையோடு. “சாட்சி என்ன கைப்பையா, அக்குள்ல வெச்சுக்கிட்டு ஓடிப்போக?”

“கைப்பையா இருந்தா போலீஸ்கிட்டப் போயிருப்பேன்.”

“போயேன். போய்ச் சொல்லிப் பாரு. ‘ஐயா, என் கதையைக் காணோம்’னு.”

மிசிசிப்பி ஆற்றங்கரையில், கறுப்பின மக்கள் வாழும் ஒரு சின்ன ஊர். அங்கே புது யோர்தான் சபை என்று ஒரு மரக்கட்டடக் கோயில். அதன் பின்கட்டுச் சமையலறையில்தான் இந்தச் சண்டை. சனிக்கிழமை பகல். மறுநாள் ஆராதனை முடிந்ததும் சபைக்கே விருந்து. வேலை மலையாகக் கிடந்தது. சண்டைக்கு அதைவிட நல்ல நேரம் எந்தச் சமையலறையிலும் கிடைக்காது.

அந்தச் சபையில் ‘மதர்’ என்பது வயதுக்குக் கிடைக்கிற பெயர் இல்லை. அது ஒரு பதவி. முன்வரிசையில் வெள்ளை உடுப்பும் வெள்ளைத் தொப்பியுமாக உட்கார வேண்டும். எந்த வீட்டில் சாவு, எவனுக்கு வேலை போயிற்று, எந்தப் பெண் அழுகிறாள், எந்தப் பெண் அழ வேண்டியதை அழாமல் வைத்திருக்கிறாள் என்பதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். பாஸ்டர்கள் வருவார்கள், போவார்கள். மதர் அங்கேயே இருப்பார்.

வெர்டெல் சிகாகோவில் முப்பது வருடம் பள்ளிக்கூட டீச்சராக இருந்துவிட்டு, ஓய்வு பெற்று, ஊரோடு வந்துவிட்டவள். அடுத்த மதர் ஆவதற்காக இப்போது அர்லீதாவிடம் பயிற்சியில் இருக்கிறாள். இதில் ஒரே சங்கடம், மதர் அவளைவிட இரண்டு வயது சின்னவர். ஆனாலும் “குழந்தே” என்றுதான் கூப்பிடுவார். அறுபத்தாறு வயதுக் குழந்தை பல்லைக் கடித்துக்கொண்டு “சொல்லுங்க மதர்” என்று ஓடிவரும்.

புதன்கிழமை சாயங்கால ஜெபக்கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் எழுந்து, தனக்கும் தன் குடும்பத்துக்கும் கர்த்தர் செய்ததைச் சொல்லலாம். அதற்குத்தான் சாட்சி என்று பேர். பக்கத்து வீட்டுக்காரிக்குக் கர்த்தர் செய்ததைச் சொன்னால் அதற்கு வம்பு என்று பேர். இந்த வித்தியாசம் அந்தச் சபையில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

வெர்டெலின் அம்மா ஓப்பல் சபையில் எழுந்து சொல்லாமல், வீட்டோடு சொல்லிவந்த சாட்சி இதுதான். ஆறு கரையை உடைத்த வருஷம். ஓப்பல் மார்பளவுத் தண்ணீரில், கைக்குழந்தை வெர்டெலைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றாள். படகுகள் வந்தன. வெள்ளைக்காரர்கள் வீட்டுப் பக்கம் வந்தன, அங்கே இருந்தவர்களை ஏற்றின, திரும்பிப் போயின. ஓப்பல் நின்ற பக்கம் ஒரு துடுப்புகூடத் திரும்பவில்லை. அவள் சத்தமாக ஜெபித்தாள். மரங்களுக்கு நடுவிலிருந்து ஒரு கதவு மிதந்து வந்தது. கைப்பிடி கழலாத முழுக் கதவு. பிள்ளையை அதன் மேல் கிடத்தி, தானும் தொற்றி ஏறி, மேட்டு நிலம் போய்ச் சேர்ந்தாள்.

இந்த இடத்தில் ஓப்பல் ஒரு இருமல் இருமுவாள். பருத்தி ஆலைத் தூசி கொடுத்த இருமல். பிறகு சொல்வாள்: “கர்த்தர் வாசலைத் திறப்பார், காத்திருன்னு எல்லாரும் சொன்னாங்க. காத்திருக்க எனக்கு நேரமில்லைன்னு அவருக்குத் தெரியும். கதவையே கழற்றி அனுப்பிட்டார்.”

அந்த ஓப்பல் போய் வருஷம் ஒன்றாகிறது. நாளைய ஆராதனையில் அம்மாவின் நினைவாக வெர்டெல் சாட்சி சொல்ல வேண்டும். அவள் பத்திரமாக வைத்திருந்தது இது ஒன்றைத்தான். சிகாகோவில் இருந்த முப்பது வருடத்தில் அம்மாவின் மற்றக் கதைகளைக் கேட்க அவளுக்கு எங்கே நேரம் இருந்தது?

போன புதன்கிழமை லொரீன் எழுந்தாள். “எங்க அம்மா நெட்டி சொல்வாங்க,” என்று ஆரம்பித்தாள். வெள்ளம், படகு, கதவு, எல்லாம் வந்தது. பாட்டுக்குழுவில் மைக் இல்லாமலே பாடுகிற லொரீன், துருத்தி மாதிரி நுரையீரல் உள்ள லொரீன், அந்த இடம் வந்ததும் இருமினாள். கதவையே கழற்றி அனுப்பினார் என்றாள். சபை சிரித்தது, அழுதது, டிரம்ஸ்காரர் தாங்க முடியாமல் ஒரு அடி அடித்தார். பாஸ்டர் கைக்குட்டையை எடுத்தார். பின்வரிசையில் வெர்டெல் மட்டும் கல்லாக உட்கார்ந்திருந்தாள்.

“நாளைக்கு நான் எழுந்து இதைச் சொன்னா என்ன ஆகும்?” என்றாள் வெர்டெல் இப்போது. “லொரீன் சொன்னதையே இவளும் சொல்றாளேம்பாங்க. என் அம்மாவோட நினைவு நாள்ல நான் திருடியா நிக்கணும். மதர், நீங்க முதல்ல எழுந்து, இது ஓப்பலோட சாட்சின்னு சபைக்குச் சொல்லணும்.”

“எங்க அம்மாவோடதுன்னு சொல்லணும்,” என்றாள் லொரீன்.

மதர் அர்லீதா கத்தியைக் கீழே வைத்தார். இருவரையும் பார்த்தார்.

“சரி. வெட்டிடலாம்,” என்றார். “தண்ணி ஏறுறது வரைக்கும் வெர்டெலுக்கு. கதவு வர்றதுலேருந்து லொரீனுக்கு. ஆளுக்குப் பாதி.”

“வேண்டாம் மதர், முழுசா அவளே வெச்சுக்கட்டும்,” என்றார்கள் இருவரும். ஒரே மூச்சில், ஒரே சுருதியில்.



“நான்தான் முதல்ல சொன்னேன்,” என்றாள் லொரீன்.

“நான் வாயைத் திறந்ததைப் பார்த்துட்டு நீ சொன்னே.”

“உன் வாய் எப்பவும் திறந்துதானே இருக்கு.”

“அதை விட்டுக்கொடுத்தவ நான். அப்ப அது எனக்குத்தான் சேரணும். பிள்ளையை வெட்ட விடாம விட்டுக்கொடுத்தவதான் நிஜத் தாய். ஒண்ணு இராஜாக்கள் மூணாம் அதிகாரம்.”

“எனக்கும் தெரியும். ஞாயிறு பள்ளியில நானும் படிச்சேன்.”

மதர் பெருமூச்சு விட்டு, கத்தியை மறுபடி எடுத்தார். “ஒரே பிள்ளைக்குச் சண்டை போட்டு சாலொமோன் ராஜாகிட்ட வந்த ரெண்டு பேரும் வேதம் படிக்காதவங்க,” என்றார். “அவருக்கு வேலை சுலபம்.”

அடுப்படியில் மீன் பொரித்துக்கொண்டிருந்த சிஸ்டர் ஜுவனிட்டாவுக்கு அப்போதுதான் காது திறந்தது.

“எந்தக் கதவைப் பத்திப் பேசிக்கிறீங்க? எங்க அம்மா வந்த கதவா?”

வெர்டெல் மெல்லத் திரும்பினாள். “உங்க அம்மாவுமா?”

“ஆமா. எங்க அம்மா, எங்க பெரியம்மா, ஒரு பன்னிக்குட்டி. மூணு பேரும் ஒரே கதவுல.”

“என்ன நிறம் கதவு?” பள்ளிக்கூட டீச்சர் விசாரணையைத் தொடங்கிவிட்டாள்.

“பச்சை.”

“எங்க அம்மாவோடது நீலம்,” என்றாள் வெர்டெல் வெற்றியோடு. “லொரீன், உன்னது?”

லொரீன் யோசித்தாள். “சேத்துல புரண்டு வந்த கதவுக்கு என்ன நிறம் இருக்கும்? சேத்து நிறம்.”

“பன்னி நீந்தும்னு கேள்விப்பட்டிருக்கேன்,” என்றாள் வெர்டெல், ஜுவனிட்டாவிடம். “அதுக்கு எதுக்குக் கதவு?”

“அது எங்க பெரியம்மாவோட பன்னி, சிஸ்டர். அது எதுக்கும் கஷ்டப்படாது.” ஜுவனிட்டா மீனைத் திருப்பிப் போட்டாள். “ஆனா நீங்க சொல்றதைப் பார்த்தா, அந்த வருஷம் ஆத்துல தண்ணி ஓடிச்சா, கதவு ஓடிச்சான்னே சந்தேகமா இருக்கு.”

வெர்டெலுக்குக் கண்ணில் நீர் கட்டிவிட்டது. மற்றவர்கள் சிரிப்பது அவளுக்குக் கேட்கவில்லை. ஒரு அம்மாவுக்கு ஒரு கதை. அதையும் ஆளாளுக்குப் பிய்த்து, பன்றிக்குட்டியை ஏற்றி விட்டார்கள்.

“மதர்,” என்றாள், குரல் இறங்கி. “எங்க அம்மாதானே அதைச் சொன்னது? உங்களுக்குத் தெரியும். நீங்க அவங்களோடயே இருந்தவங்க. நான்தான் இல்லை.”

மதர் கையிலிருந்த கிழங்கைச் சீவி முடித்து, தண்ணீரில் போட்டார்.

“என் மகனைப் புதைச்ச வாரம்,” என்றார், “நான் கட்டிலை விட்டு எழுந்திருக்கலை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். பாஸ்டர் வந்தார், சங்கீதம் வாசிச்சார், போனார். உங்க அம்மா வந்தா. கால்மாட்டுல உட்கார்ந்தா. ஆறுதல் ஒண்ணும் சொல்லலை. அந்தக் கதவைச் சொன்னா. நான் எழுந்து முகம் கழுவினேன்.”

“பார்த்தியா?” என்றாள் வெர்டெல் லொரீனிடம்.

“அப்புறம் நெட்டிக்கு வீடு எரிஞ்சுது. ரெண்டு பிள்ளைங்களோட தெருவுல நின்னா. நான் போய் அவகிட்ட அதைச் சொன்னேன்.”

“எங்க அம்மா பேரைச் சொன்னீங்களா?”

“ ‘ஒருத்தி’ன்னு சொன்னேன்.”

“ஏன் மதர்?”

“பேர் சொல்ற நேரமா அது? அடுப்புச் சாம்பல் மாதிரி நின்னுக்கிட்டிருந்தா. ‘வெள்ளத்துல ஒருத்தி நின்னா, அவகிட்ட ஒரு கதவு வந்துது’ன்னேன். அதோட அந்தப் பிள்ளைங்களைத் தூக்கிக்கிட்டு நடந்தா. வழியில எங்கேயோ அந்த ‘ஒருத்தி’ ‘நான்’ ஆயிட்டா போலிருக்கு.”

லொரீன் மாவுக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த ரெண்டு பிள்ளைகளில் ஒருத்தி அவள்.

“எங்க அம்மா பொய் சொல்ற ஆள் இல்லை,” என்றாள் கடைசியில்.

“நான் அப்படிச் சொல்லலையே, குழந்தே.”

“இருமல் எங்கேருந்து வந்துது?” என்றாள் வெர்டெல். அதை மட்டும் அவளால் விட முடியவில்லை.

“அது என்னோட தப்பு இல்லை,” என்றார் மதர். “உங்க அம்மா அங்கே இருமினா. அது கதையில சேர்ந்ததுன்னு நினைச்சு நானும் இருமினேன்.”

ஜுவனிட்டா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிப்பில் அவள் தோள்கள் குலுங்கின.

வெர்டெல் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். தீர்ப்பு கிடைத்துவிட்டது. எல்லாருக்கும் முன்னால், மதர் வாயாலேயே.

“அப்ப அது எங்க அம்மாவோடதுதான். நாளைக்கு நீங்க எழுந்து சொல்வீங்க.”

“சொல்றேன்,” என்றார் மதர்.

இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்வார் என்று வெர்டெல் எதிர்பார்க்கவில்லை. அடுத்து வைக்க இருந்த வாதங்களெல்லாம் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டன.

“ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன்,” என்றார் மதர். “சபையில யாராவது கேட்டா பதில் சொல்லணுமில்லையா? அந்தக் கதவு உங்க வீட்டுதா?”

“எங்க வீட்டுதா?” வெர்டெல் சிரித்தேவிட்டாள். “எங்க வீட்டுல ஏது மதர் கதவு? பண்ணைக்காரன் கொடுத்த ஒத்தை அறை. வாசல்ல சாக்குத்துணி தொங்கும். அம்மா சொல்லியிருக்காங்க, குளிர் காலத்துல ரெண்டு சாக்கு.”

மதர் அடுத்த கிழங்கை எடுத்தார்.

“அப்ப அது யார் வீட்டுக் கதவு, குழந்தே?”

  முப்பது வருடம் மற்றவர்களைக் கேள்வி கேட்டுப் பழகிய வெர்டெலிடம் இப்படி ஒரு கேள்வி. லொரீன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மாவைப் பிசையத் தொடங்கினாள். கொஞ்ச நேரம் கழித்து வெர்டெலும் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு மதர் பக்கத்தில் உட்கார்ந்து கிழங்கு சீவினாள். அன்று சாயங்காலம் வரை அவள் யாரையும் திருத்தவில்லை. ஜுவனிட்டா மீனில் உப்பை அதிகமாகப் போட்டதைப் பார்த்தும் திருத்தவில்லை.

மறுநாள் சபை நிறைந்திருந்தது. பாஸ்டர் ஓப்பலின் பேரைச் சொன்னார். மதர் அர்லீதா, கொடுத்த வாக்குப்படி, முன்வரிசையில் கைத்தடியை ஊன்றி எழப்போனார். வெர்டெல் அவர் தோளில் கை வைத்து, “நீங்க உட்காருங்க, மதர்,” என்றாள். தானே எழுந்து முன்னால் போனாள்.

அம்மாவைச் சொன்னாள். தண்ணீரைச் சொன்னாள். திரும்பாத படகுகளைச் சொன்னாள். வாசலில் தொங்கிய சாக்குத்துணியைச் சொன்னாள், அது யாரும் இதுவரை கேட்காதது. மரங்களுக்கு நடுவிலிருந்து கதவு வந்தது. போன புதன்கிழமை கேட்டதுதான் என்று ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. கதவு தெரிந்ததுமே பாதிச் சபை எழுந்து நின்றுவிட்டது. அடுத்த வரி எல்லார் நாக்கிலும் தயாராக இருந்தது. டிரம்ஸ்காரர் குச்சியைத் தூக்கிவிட்டார்.

வெர்டெல் அந்த வரியைச் சொல்லவில்லை.

“எல்லாரும் கொஞ்சம் உட்காருங்க,” என்றாள்.

உட்கார்ந்தார்கள்.

“எங்க அம்மாவைக் காப்பாத்தின கதவு யாரோ ஒருத்தர் வீட்டுது. அந்த வெள்ளத்துல வீட்டுக் கதவைப் பறிகொடுத்தவங்க யாராவது இங்கே இருக்கீங்களா? அவங்க பிள்ளைங்க? பேரப்பிள்ளைங்க? இருந்தா எழுந்து நில்லுங்க. எங்க அம்மா சார்பா ஒரு நன்றி சொல்லணும்.”

ஜுவனிட்டா எதிர் வரிசையைப் பார்த்தாள். எதிர் வரிசை ஜன்னலைப் பார்த்தது. எதற்கெடுத்தாலும் ஆமென் சொல்லுகிற மூப்பர்கூட வாயைத் திறக்கவில்லை. பாட்டுக்குழுவில் லொரீன் குனிந்து தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெர்டெல் காத்திருந்தாள். வகுப்பறையில் காத்திருந்து பழக்கம் உண்டு.

“வெட்கப்படாதீங்க,” என்றாள். “எழுந்திருக்க முடியலைன்னா, உட்கார்ந்த இடத்துலேருந்து கையையாவது தூக்குங்க.”